சின்னதாகிப் போன மாப்பிள்ளை

திருமணத் தகவல் மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்று சொன்னால், எத்தனை கல்யாணம் முடித்து வைத்தீர்கள் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நான் யாருக்கும் கல்யாணம் முடித்து வைத்ததில்லை. போட்டோக்களைச் சின்னதாக்கிக் கொடுத்தேன். அதுதான் என் உத்தியோகம்.

போன மாதம் நாமக்கல்லில் இருக்கிற எங்கள் பழைய ஆபீசுக்குப் போயிருந்தேன். இப்போது அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் போனில் ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். படம் தானாக வெட்டிக்கொள்கிறது, வெளுத்துக்கொள்கிறது, பின்னால் பூந்தோட்டம்கூட வந்துவிடுகிறது. அவர்களில் ஒருத்தி கேட்டாள்:

"அக்கா, நீங்க கருப்பு ஸ்கிரீன்ல என்னமோ டைப் அடிச்சுத்தான் போட்டோ ரெடி பண்ணுவீங்களாமா. நெசமா?"

டைப் அடித்தது நிஜம். ஸ்கிரீன் கருப்பு இல்லை. அது ஏன் கருப்பு இல்லை என்று நின்றுகொண்டே சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள். படித்து முடித்ததும் திருச்செங்கோட்டில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் லேபில் சேர்ந்து, மாணவர்கள் கெடுத்து வைத்த கம்ப்யூட்டர்களைப் பல வருஷம் சரி செய்தேன். அங்கே ஏசி இருந்தது. அதைத் தவிர அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. பிறகு நாமக்கல்லில் இந்த மையத்துக்கு ஆள் வேண்டும் என்றார்கள். எங்கள் வீடு புதுச்சத்திரத்தில். ஒரே பஸ்ஸில் போய் இறங்கிவிடலாம் என்பதால் சேர்ந்தேன்.

அங்கே மேனேஜர் ராசப்பன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கம்ப்யூட்டருக்கு ஒரு கஜ தூரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். பக்கத்தில் வந்தால் ஷாக் அடிக்கும் என்பது அவர் எண்ணம். ஒவ்வொரு போட்டோவையும் முதலில் கண்ணாடியோடு பார்ப்பார், பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்ப்பார், பிறகு, "மூஞ்சி மூஞ்சியா இருக்குதுங்களா அம்மிணி?" என்று என்னிடம் கேட்பார். ஆமாங்க என்றால் படம் தேறியது.

அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. கோபம் ஏற ஏற மரியாதைதான் கூடும். "பூங்கொடி, இங்க வா" என்றால் நல்ல மனநிலை. "பூங்கொடிங்க, இங்க கொஞ்சம் வாங்க" என்றால் ஏதோ தப்பு. "அம்மிணிங்க, தயவுசெஞ்சு வர்றீங்களாங்க" என்றால் நான் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு எழுந்து ஓடுவேன்.

எங்கள் மையத்தின் வெப்சைட்டில் எல்லாப் படமும் ஒரே சதுர அளவில் இருந்தால்தான் ஏறும். ஆனால் ஜனங்கள் அனுப்புகிற படங்களில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உறவே இல்லை. ஸ்டுடியோக்காரர் அனுப்பினால் சுவர் அளவுக்கு இருக்கும். விலை அதிகமான போனில் எடுத்த படங்களை எங்கள் கம்ப்யூட்டர் திறக்கவே மாட்டேன் என்னும். எருமப்பட்டிப் பக்கம் ஒருவர் மகனின் படத்தை ஜாதகத்தோடு சேர்த்து ஸ்கேன் பண்ணி அனுப்பினார். பையன் எட்டாம் வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

நான் ஒவ்வொன்றாகத் திறந்து, மூலையைப் பிடித்து இழுத்து, வேறு பெயரில் சேமிப்பேன். அரை நாள் இதிலேயே போகும். ஒரு நாள் அவசரத்தில் மூலைக்குப் பதிலாக ஓரத்தைப் பிடித்து இழுத்துவிட்டேன். குச்சியாக இருந்த பையன் பூசணிக்காய் ஆகிவிட்டான். அவனுடைய அம்மா வந்து பார்த்தார். நான் பயந்துகொண்டே நின்றேன்.

"பரவால்லியே, ஹாஸ்டல் சோறு ஒத்துக்கிச்சாட்ட இருக்குது" என்று சந்தோஷமாகப் போனார்.

அவர் சந்தோஷப்பட்டாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. படங்களைத் தானாகச் சின்னதாக்கி, ஒரே வகைக்கு மாற்றித் தருகிற ஒரு புரோகிராம் எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். பட்டன், பெட்டி எல்லாம் வைத்து அழகாக எழுத எனக்குப் பொறுமை இல்லை. அதனால் எழுத்து மட்டும் ஓடுகிற கன்சோல் புரோகிராம். படங்கள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன, அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, எந்த வகையாக மாற்ற வேண்டும் என்று டைப் செய்து என்டர் தட்டினால் போதும். படங்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகப் போய் அளவாகி வெளியே வரும். அகலத்தைக் குறைத்தால் உயரமும் அதே விகிதத்தில் குறையும். யாரும் பூசணிக்காய் ஆக முடியாது.

எழுதி முடித்து மேனேஜருக்கு ஓட்டிக் காட்டினேன். அவர் ஒரு கஜ தூரத்தில் இருந்து பார்த்துவிட்டு இன்னும் ஒரு கஜம் பின்னால் போனார்.

"கல்யாண ஆபீசுல இதென்னங்க, எழவு ஊடாட்டக் கருப்பா இருக்குது?"

"கன்சோல்னா கருப்பாத்தானுங்க இருக்கும்."

"மங்களகரமா ஒரு கலர் வைங்க."

ஸ்கிரீனை மஞ்சளாக்கி எழுத்தைச் சிவப்பாக்கினேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிட்டது. நாலு வரி படித்தால் கண்ணில் தண்ணீர் வரும். மேனேஜருக்குத் திருப்தி.

அடுத்து வார்த்தைகள். படம் கெட்டுப்போயிருந்தால் புரோகிராம் ஆங்கிலத்தில் 'ஃபெயில்' என்று சொல்லும். வேலை முடிந்தால் 'எக்ஸிட்'. இந்த இரண்டுக்கும் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு மேனேஜர் முகம் சுளித்தார். ஜாதகம் பார்த்து வரன் சேர்க்கிற இடத்தில் இந்த வார்த்தைகள் வரக்கூடாது என்றார். தமிழில் எழுதிப் பார்த்தேன். அந்தப் பழைய கம்ப்யூட்டர் கன்சோலில் தமிழைக் காட்டாமல் கட்டம் கட்டமாகக் காட்டியது. கடைசியில் தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதி வைத்தேன். படம் திறக்காவிட்டால், 'இந்தப் படம் தொறக்க மாட்டேங்குதுங்க'. எல்லாம் முடிந்தால், 'சுபம்'. மூடும்போது, 'போயிட்டு வாரேனுங்க'. உலகத்தில் வேறெந்தப் புரோகிராமும் இவ்வளவு பணிவாக இருந்திருக்காது.

படத்தை வெட்டலாமா கூடாதா என்பது அதைவிடப் பெரிய பஞ்சாயத்து. நீளமான படத்தைச் சதுரத்துக்குள் வைக்க வேண்டுமானால் ஒன்று ஓரத்தை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் முழுப் படத்தையும் சின்னதாக்கி மீதி இடத்தை ஏதாவது நிறத்தால் நிரப்ப வேண்டும். வெட்டவே கூடாது என்றார் மேனேஜர். அதற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒரு மாப்பிள்ளையின் முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று நான் ஓரங்களை வெட்டிப் போட்டிருந்தேன். அவனுடைய அப்பா நேரில் வந்துவிட்டார். "பொறத்தால தென்னந்தோப்பு இருந்துதே, அது எங்கீங்க? தோப்ப உட்டுப்போட்டு வெறும் பையனக் காட்டி என்ன பண்றதுங்க?"

அன்றிலிருந்து சட்டம்: கொடுத்த படத்தில் ஒரு நூல்கூட வெட்டக்கூடாது. கொடுத்த மூலப் படத்தைத் தொடவும் கூடாது, அது அப்படியே தனியாக இருக்க வேண்டும்.

மீதி இடத்துக்கு நிறம் வைப்பதிலும் பாடுபட்டோம். கருப்பு ஆகாது. வெள்ளை ஆகாது. சிவப்பு வைத்தால் பெண்கள் எல்லாம் கோபமாக இருப்பது போலத் தெரிந்தது. மஞ்சள் வைத்தால் மாப்பிள்ளைகளுக்குக் காமாலை. கடைசியில் சந்தன நிறம் தேறியது. ஆனாலும் பின்புலத்தை நீக்கி அனுப்புகிற ஒருவகைப் படங்கள் இருக்கின்றன. அவற்றை மாற்றும்போது வெற்றிடம் எல்லாம் தானாகக் கருப்பாகிவிடும். ஒரு பெண் கிணற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல வெப்சைட்டில் ஒரு நாள் முழுக்க இருந்தாள். அதையும் பிடித்துச் சந்தனம் பூசினேன். அதற்குப் பிறகு புரோகிராம் நன்றாகவே ஓடியது. செல்லம்மாள் வரும்வரை.

செல்லம்மாள் திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிற குடும்பம். வீட்டுக்காரர் ஒரு வண்டியோடு கர்நாடகாவில் இருந்தார். இன்னொரு வண்டியை மகன் பிரபு பார்த்துக்கொண்டான். வண்டியோடு போனால் மாதக்கணக்கில் வீடு திரும்ப மாட்டான் என்பதால் பெண் கொடுக்க யோசித்தார்கள். பல இடம் வந்து தட்டிப்போயிருந்தது.

அந்தம்மா கொண்டுவந்த படத்தை நான் மறக்கவே மாட்டேன். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது. கம்பத்தைத் தூக்கி நிறுத்திய முழு ரிக் வண்டி. கம்பத்தின் நுனிவரைக்கும் ஒன்றும் விட்டுப்போகவில்லை. அடியில் சக்கரத்தின் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர். மேலே மேடையில், நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு, ஊதா வண்டியில் ஊதாச் சட்டையோடு பிரபு.

"இதுதானுங்க போடோணும். வண்டி முழுசாத் தெரியோணும்."

"அம்மா, கூட மூஞ்சி மட்டும் ஒரு படம் குடுங்களேன்."

"மூஞ்சி என்னத்துக்கு சாமி? மூஞ்சியப் பாத்துத்தான் இதுக்கு முந்தி எல்லாரும் வேண்டாம்னாங்க. இந்தவாட்டி வண்டியப் பாத்து வரட்டும்."

போட்டு ஓட்டினேன். சுபம் என்றது. காலையில் மையத்தின் வாட்ஸ்ஆப் குரூப்பிலும் வெப்சைட்டிலும் படம் போய்விட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மதியத்துக்குள் போன் மேல் போன்.

"வண்டி எங்கீங்க கவுந்துச்சு?"

"ஆளுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவரும் கூப்பிட்டார்.

"அம்மிணிங்க, தயவுசெஞ்சு வர்றீங்களாங்க" என்றார் மேனேஜர். போனேன். "வண்டி ஏனுங்க படுத்திருக்குதுங்க?"

படம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கம்பம் தரையோடு தரையாக நீண்டிருந்தது. பிரபு நெம்புகோலைப் பிடித்தபடியே படுத்திருந்தான். விபத்துப் படம் என்று சத்தியம் செய்யலாம். அன்று சாயங்காலம் வரை தேடித்தான் காரணத்தைக் கண்டுபிடித்தேன். சில போன்கள் படத்தைச் சாய்வாகவே சேமித்துவிட்டு, இதைத் திருப்பிக் காட்டு என்று படத்துக்குள்ளேயே ஒரு குறிப்பை எழுதி வைக்கும். போனில் பார்த்தால் குறிப்பைப் படித்து நிமிர்த்திக் காட்டும். என் புரோகிராம் சின்னதாக்குகிற அவசரத்தில் அந்தக் குறிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டது. முதலில் குறிப்பைப் படி, திருப்பு, அப்புறம் சின்னதாக்கு என்று மாற்றி எழுதினேன். மறுநாள் வண்டி எழுந்து நின்றது.

மேனேஜர் கண்ணாடியோடு பார்த்தார். நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"பையன் எங்கீங்க?"

"அந்த ஊதாப் புள்ளிங்க."

உயரமான படத்தைச் சதுரத்துக்குள் அடக்கியதில் வண்டி தீக்குச்சி ஆகிவிட்டது. பிரபு தீக்குச்சியில் ஒட்டிய துரும்பு. அளவைக் குறைப்பதற்காக அமுக்கியதில் துரும்பும் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. "கட்டம் ஜாதகத்துலதானுங்க இருக்கோணும்" என்றார் மேனேஜர்.

அன்றைக்கே பிரபு எனக்குப் போன் செய்தான். "அக்கா, அம்மாவுக்குத் தெரியாம என்னைய மட்டும் வெட்டிப் போட்டுருங்களேன்." பாவமாக இருந்தது. மேனேஜரிடம் கேட்டேன். சட்டம் சட்டம்தான் என்றுவிட்டார். அவர் கவலை வேறு. இந்த முறையும் தட்டிப்போனால் செல்லம்மாள் தன் சொந்தபந்தம் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு ஈரோட்டு மையத்துக்குப் போய்விடுவார். "அப்படி ஆச்சுன்னா, உங்க மஞ்சப் பொட்டிய மூடிப்போட்டுப் பழையபடி ஓரத்தப் புடிச்சே இழுங்க அம்மிணி" என்றார். நான் எழுதிய ஒரே புரோகிராம் அது.

ஆனால் ஆச்சரியமாக, வாழப்பாடியில் இருந்து ஒரு குடும்பம் படத்தைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்றது. பாக்கு வியாபாரம் செய்கிறவர்கள். பெண் நிவேதா, நிலவியல் படித்தவள். "கல்லப் பத்திப் படிச்ச பொண்ணா" என்று அவளையும் பல பேர் யோசித்துவிட்டுப் போயிருந்தார்கள். படத்தைப் பார்த்ததும் சரி என்று சொன்னது அவள்தானாம்.

பெண் பார்க்கப் போனோம். செல்லம்மாள், பிரபு, மேனேஜர், லேப்டாப்போடு நான். கார் ஓட்டியது ரிக் வண்டியின் ஆபரேட்டர் சின்னராசு. படத்தில் சக்கரத்தின் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் நின்றது அவர்தான். நல்ல வாட்டசாட்டமான ஆள். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா.

அன்றைக்கும் வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார்.

கார் நின்றதும் பெண் வீட்டார் நேராக ஓட்டுநர் பக்கத்துக் கதவுக்குப் போனார்கள். சின்னராசுவைக் கைபிடித்து இறக்கினார்கள். ஆரத்தி சுற்றினார்கள். நடு ஹாலில் பெரிய நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். வாழப்பாடிப் பக்கம் டிரைவர்களுக்கு நல்ல மரியாதை போல இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம். கேசரி வந்தது, சாப்பிட்டார். பஜ்ஜி வந்தது, அதையும் சாப்பிட்டார்.

பெண்ணின் அப்பா பிரபுவிடம் வந்து, "தம்பி, காரைக் கொஞ்சம் அந்த வேப்பமரத்தாண்ட போட்டுடுறியா, பால் வண்டி வரும்" என்றார். பிரபு மறுபேச்சுப் பேசாமல் போய்க் காரை நகர்த்தினான். அவன் குணம் அப்படி.

செல்லம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. "ஏனுங்க, என்ற பையன் ஆருன்னு நெனச்சீங்க?"

"இவருதானே" என்று சின்னராசுவைக் காட்டினார் பெண்ணின் அப்பா.

சின்னராசு பஜ்ஜியைக் கீழே வைத்தார். "எனக்குக் கல்யாணம் ஆயிப்போச்சுங்க" என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். அவர் என்ன மரியாதையில் கூப்பிடப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பெண்ணின் அப்பா தன் போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். "படத்துல ஒரே ஒரு ஆளுதானே இருக்காரு."

"இல்லீங்க, மேல நிக்கறான் பாருங்க, ஊதாச் சட்ட."

"அதுவா? அத நாங்க டேங்க் மூடின்னு நெனச்சோம்."

காரை நிறுத்திவிட்டு வந்து வாசலில் நின்றுகொண்டிருந்த பிரபுவின் காதில் இது விழுந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று பெண்ணின் சித்தப்பா ஒருவர் எழுந்தார். நான் பயத்தோடு லேப்டாப்பைத் திறந்தேன். "அய்யா, மூலப் படம் பெருசா எங்கிட்ட அப்படியே இருக்குதுங்க. அதுல மாப்பிள்ளை மூஞ்சி நல்லாத் தெரியும். இப்பவே எடுத்துத் தாரேன்." திறந்ததும் புரோகிராம்தான் முதலில் வந்தது. ஹால் முழுக்க மஞ்சள் வெளிச்சம்.

உள்ளேயிருந்து பட்டுப்புடவையில் நிவேதா எட்டிப் பார்த்தாள். "அது கன்சோலா? ஏன் மஞ்சளா இருக்கு?"

"மங்களகரமா இருக்கட்டும்னுங்க" என்றார் மேனேஜர்.

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூலப் படத்தைத் திறந்தேன். பிரபுவின் முகத்தைப் பெரிதாக்கப் போனேன். அவள் என் கையை நிறுத்தினாள். "இருங்க, கீழ போங்க. இன்னும் கீழ." வண்டியின் அடியில், துளை போட்ட இடத்தில், கல்தூள் குவிந்து கிடந்தது. அதைப் பெரிதாக்கச் சொன்னாள். நானும் பெரிதாக்கினேன். மாப்பிள்ளையை விட்டுவிட்டு அத்தனை பேரும் மண்ணைப் பார்த்தோம்.

"சின்னப் படத்துல இது ஒரு சாம்பல் புள்ளியாத்தான் தெரிஞ்சுது. இதப் பாக்கணும்னுதான் வரச் சொன்னேன்" என்றாள். பிறகு வாசலில் நின்றவனைப் பார்த்து, "செம்மண்ணு, அப்புறம் சாம்பல் கல்லு. மேல வெள்ளையா இருக்கறது குவார்ட்ஸா?" என்று கேட்டாள்.

பிரபு தொண்டையைச் செருமினான். "ஆமாங்க. அந்த வெள்ளக் கல்லு வந்தப்பத்தானுங்க தண்ணி பீய்ச்சுச்சு."

"எத்தன அடியில?"

அவன் சொன்னான். அவள் இன்னொன்று கேட்டாள். அதற்கும் சொன்னான். அவனிடம் இதற்கு முன் பெண் வீட்டில் யாரும் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை, எப்போது வீட்டுக்கு வருவாய் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். வாசலில் நின்றவன் பேசிக்கொண்டே ஹாலுக்கு வந்துவிட்டான். சின்னராசு எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

பெண்ணின் அப்பாவுக்குக் குழப்பம் தீரவில்லை. "ஏம்மா, அப்ப நீ படத்துல யாரப் பாத்துச் சரின்ன?"

"நான் யாரையும் பாக்கலப்பா. வண்டியப் பாத்தேன்."

செல்லம்மாள் என் பக்கம் திரும்பி, "நாஞ் சொன்னனில்லீங்க" என்றார்.

பிரபு மெதுவாக, "இப்ப என்னையும் கொஞ்சம் பாருங்க" என்றான். அவள் பார்த்தாள். சிரித்துவிட்டாள். சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் கேசரி வந்தது. இந்த முறை சரியான ஆளுக்கு.

திரும்பி வரும்போது ஆத்தூர் ரோட்டில் மேனேஜர் எந்த மரியாதையில் கூப்பிடுவாரோ என்று காத்திருந்தேன். உடையாப்பட்டி தாண்டியதும், "பூங்கொடி" என்றார். ங்க இல்லை. எனக்கு உயிர் வந்தது. "இனிமே மாப்பிள்ளை படத்துல பாதியாச்சும் இருந்தாத்தான் வாங்கோணும். டேங்க் மூடியெல்லாம் ஆகாது." அதையும் சட்டத்தில் சேர்த்தோம். புரோகிராம் நான் ஓய்வு பெறும்வரை ஓடியது.

கல்யாணம் முடிந்து கொஞ்ச காலம் கழித்துச் செல்லம்மாள் தன் அக்கா மகனுக்கு வரன் பதிய வந்தார். மருமகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தேன்.

"அவ வண்டியோட கர்நாடகாவுக்குப் போயிட்டா சாமி. எங்க குத்தோணும், எங்க நிறுத்தோணும்னு எல்லாம் அவதான் சொல்றா. என்ற பையனும் கூடத்தான் போயிருக்கான்."

"அவரு என்னங்க பண்றாரு?"

"வண்டி ஆளுங்களுக்குச் சோறாக்கறானாமா."

"நல்லா ஆக்கறாருங்களா?" என்றேன்.

செல்லம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரசந்தான் கொஞ்சம் புளிக்குதாமா. மத்தபடி சின்னராசு ஒண்ணும் கொறை சொல்லலீங்க."